தொலைவில் ஓடும் நிரலில் பிரேக்பாயிண்ட் பிடிக்கவில்லையா? எங்கே, எந்த வரிசையில் பார்ப்பது

நீங்கள் உட்கார்ந்திருப்பது பாளையங்கோட்டையில். நிரல் ஓடுவது பணகுடிக்கு அந்தப் பக்கம் ஒரு காற்றாலையின் அடியில் இருக்கும் சின்ன லினக்ஸ் பெட்டியில், இல்லையென்றால் மும்பையில் ஒரு கிளவுட் சர்வரில். எடிட்டரில் நிரல் நிற்க வேண்டிய வரியில் சிவப்புப் புள்ளி, அதாவது பிரேக்பாயிண்ட், வைத்தாயிற்று, இணைப்பும் கிடைத்தாயிற்று. நிரல் மட்டும் அந்த வரியில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இந்த நேரத்தில் பலரும் எடிட்டரை மூடித் திறப்பார்கள், எக்ஸ்டென்ஷனை அழித்து மறுபடி போடுவார்கள். அரை நாள் அதிலேயே போய்விடும். பிரேக்பாயிண்ட் சிக்கல்களில் பெரும்பங்கு ஒரே இடத்தில் வந்து முடியும்: உங்கள் திரையில் இருக்கும் நிரலும் அங்கே ஓடும் நிரலும் எதிலோ வேறுபடுகின்றன. பில்டு (சோர்ஸிலிருந்து கம்பைல் செய்து எடுத்த நிரல்) வேறாக இருக்கலாம், கோப்புப் பாதை வேறாக இருக்கலாம், பிராசஸே (ஓடும் நிரலின் ஒரு பிரதி) வேறாக இருக்கலாம், மெமரி முகவரி வேறாக இருக்கலாம். எது வேறு என்று பிடித்துவிட்டால் திருத்துவது பத்து நிமிட வேலை.

முதலில் எந்த வகை என்று பிரியுங்கள்

புள்ளி வெறும் வளையமாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் டீபக்கரால் (நிரலை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் கருவி) அந்த வரியை ஓடும் நிரலில் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பொருள். சி, சி++ நிரல்களுக்கான டீபக்கரான ஜிடிபி இதையே ‘பெண்டிங்’ என்று சொல்லும். விஎஸ் கோடு ‘அன்பவுண்ட்’ என்று சொல்லும். விஷுவல் ஸ்டுடியோ இந்த ஆவணத்துக்கு சிம்பல்கள் (சார்பு, வரி எண்களை முகவரியோடு இணைக்கும் தகவல்) ஏற்றப்படவில்லை என்று முழு வாக்கியமாகவே சொல்லும். இது பில்டு, பாதை, சிம்பல் சிக்கல்.

புள்ளி முழுச் சிவப்பாக இருந்தும் நிற்கவில்லையென்றால், டீபக்கர் பிரேக்பாயிண்டை ஓர் இடத்தில் வைத்துவிட்டது; அந்த இடத்துக்கு ஓட்டம் வரவில்லை. வேறு பிராசஸ், வேறு சர்வர், வேறு த்ரெட், அல்லது அந்த வரியே ஓடாத நிலை. நிற்கிறது, ஆனால் இரண்டு வரி தள்ளி நிற்கிறது என்றால் ஆப்டிமைசேஷன் (வேகத்துக்காகக் கம்பைலர் நிரலை மாற்றியமைப்பது) அல்லது பழைய சோர்ஸ். நின்றதும் இணைப்பு அறுந்துபோகிறது என்றால் காவல் நாய் போல யாரோ நிரலைக் கவனித்துக்கொண்டிருந்து கொல்கிறார்கள். அதற்குக் கடைசியில் வருவோம்.

வகை பிடிபடவில்லையென்றால் ஒரு நல்ல சோதனை உண்டு. சிவப்புப் புள்ளியை நம்பாமல், நிரலுக்குள்ளேயே நிறுத்தம் எழுதுங்கள். பைத்தானில் ‘டீபக்பை.பிரேக்பாயிண்ட்()’, ஜாவாஸ்கிரிப்டில் ‘டீபக்கர்’ என்ற ஒற்றைச் சொல், பிஹெச்பியில் ‘எக்ஸ்டீபக்_பிரேக்()’, டாட்நெட்டில் ‘டீபக்கர்.பிரேக்()’, சி மொழியில் சிக்ட்ராப் சிக்னலை ‘ரெய்ஸ்’ செய்வது. இவற்றுக்குக் கோப்புப் பாதையும் வேண்டாம், வரி எண்ணும் வேண்டாம். இது நின்று, சிவப்புப் புள்ளி நிற்கவில்லையென்றால் குற்றம் பாதைப் பொருத்தத்தில். இதுவும் நிற்கவில்லையென்றால் டீபக்கர் சரியான பிராசஸில் இல்லை, அல்லது நீங்கள் மாற்றிய கோப்பு அங்கே போய்ச் சேரவே இல்லை. ஜாவாவில் இப்படி ஒரு சொல் கிடையாது. அங்கே ஒரு லாக் வரியைச் சேர்த்து, அது பதிவாகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இணைப்பு உண்மையில் எங்கே போகிறது

‘கனெக்டட்’ என்று வந்துவிட்டதாலேயே சரியான இடத்தில் இணைந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடிக்கடி நடப்பது இது: உங்கள் லேப்டாப்பில் அதே ஆப் ஏற்கெனவே 5005-ஆம் போர்ட்டில் ஓடிக்கொண்டிருக்கும். அதை மறந்து, சர்வருக்கு எஸ்எஸ்ஹெச் டனல் (உங்கள் லேப்டாப்பின் ஒரு போர்ட்டை சர்வரின் போர்ட்டோடு இணைக்கும் வழி) போடுவீர்கள். உள்ளூர் போர்ட் காலியில்லை என்று எஸ்எஸ்ஹெச் ஒரு வரி எச்சரிக்கை கொடுத்துவிட்டு, சாதாரணமாக உள்ளே போய்விடும். எடிட்டர் 5005-இல் இணையும், ஆனால் உங்கள் லேப்டாப் ஆப்போடு. அப்புறம் சர்வருக்கு எத்தனை ரிக்வெஸ்ட் அனுப்பினாலும் நிற்காது. இதைத் தவிர்க்க இரண்டு பழக்கம் போதும். உள்ளூர் பக்கத்துக்கு வேறு எண் வையுங்கள், 15005 மாதிரி. டனலின் வடிவம் ‘15005:லோக்கல்ஹோஸ்ட்:5005’ என்று இருக்கட்டும். எஸ்எஸ்ஹெச் அமைப்பில் ‘எக்ஸிட்ஆன்ஃபார்வர்டுஃபெயிலியர்’ என்பதை ‘யெஸ்’ என்று வையுங்கள்; டனல் அமையவில்லையென்றால் இணைப்பே கிடைக்காது.

ஜாவாவில் இன்னொன்று. ஜேடிகே (ஜாவாவின் உருவாக்கக் கருவித்தொகுப்பு) 9 முதல், டீபக்கர் பேசும் நெறிமுறையான ஜேடிடபிள்யூபியின் அமைப்பில் ‘அட்ரஸ்=5005’ என்று மட்டும் கொடுத்தால் அந்த சர்வருக்குள்ளிருந்து மட்டுமே இணைய முடியும். ஜாவா 8 வரை எல்லா முகவரியிலும் காத்திருந்தது. பழைய கட்டளையைப் புது ஜேடிகேயில் அப்படியே போட்டால் வெளியிலிருந்து ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ வருவது இதனால்தான். ‘*:5005’ என்று கொடுத்தால் திறக்கும். ஆனால் பொது இணையத்தில் இருக்கும் சர்வரில் அதைச் செய்யாதீர்கள். ஜேடிடபிள்யூபிக்குக் கடவுச்சொல் எதுவும் கிடையாது. போர்ட்டைத் தொட்டவர் உங்கள் சர்வரில் விரும்பிய கோடை ஓட்டலாம். லோக்கல்ஹோஸ்ட்டிலேயே விட்டு டனல் வழியாகப் போவதுதான் முறை. கன்டெய்னருக்குள் ஓடினால் மட்டும் ‘*’ தேவைப்படும். அப்போதும் வெளியே போர்ட்டைத் திறக்கும்போது ‘127.0.0.1:5005:5005’ என்று ஹோஸ்டின் உள்முகவரியில் மட்டும் திறங்கள். நோட் ஜேஎஸ்ஸின் டீபக் போர்ட்டான 9229-க்கும் இதே கதைதான்.

ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம் ஒரு நேரத்தில் ஒரு டீபக்கரைத்தான் ஏற்கும். கங்கைகொண்டான் ஐடி பூங்காவில் இருக்கும் சக ஊழியர் காலையில் இணைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தால் உங்களுக்கு இடமில்லை. சர்வரில் ‘எஸ்எஸ்’ கட்டளையால் அந்த போர்ட்டில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

பிஹெச்பியில் திசையே தலைகீழ். அதன் டீபக்கரான எக்ஸ்டீபக்கில் சர்வர்தான் உங்கள் எடிட்டரைத் தேடி வரும். ஆகவே டனலும் திரும்ப வேண்டும்: எஸ்எஸ்ஹெச்சில் ‘எல்’ தேர்வு வேண்டாம், சர்வரிலிருந்து உங்கள் பக்கம் கொண்டுவரும் ‘ஆர்’ தேர்வு வேண்டும், ‘9003:லோக்கல்ஹோஸ்ட்:9003’ என்று. எக்ஸ்டீபக் 3 வந்ததிலிருந்து இயல்பு போர்ட் 9003. அதற்கு முன் 9000. இணையத்தில் கிடக்கும் பழைய குறிப்புகள் இன்னும் 9000 என்றே சொல்லும், அமைப்புகளின் பெயர்களும் மாறிவிட்டன. ‘எக்ஸ்டீபக்.மோட்’ என்பது ‘டீபக்’ என்று இருக்கிறதா, ‘ஸ்டார்ட்_வித்_ரிக்வெஸ்ட்’ என்ன சொல்கிறது என்று பாருங்கள். கட்டளைவரி பிஹெச்பி படிக்கும் ஐஎன்ஐ கோப்பும் வெப் பக்கங்களை ஓட்டும் எஃப்பிஎம் படிக்கும் கோப்பும் வேறு வேறாக இருப்பது வழக்கம். ஒன்றை மாற்றிவிட்டு மற்றதில் சோதிப்பவர்கள் ஏராளம். ‘எக்ஸ்டீபக்_இன்ஃபோ()’ என்பதை ஒரு பக்கத்தில் போட்டு பிரௌசரில் திறந்தால் வெப் பக்கம் உண்மையில் எந்த அமைப்பில் ஓடுகிறது என்று அதுவே சொல்லிவிடும்.

காற்றாலைப் பெட்டி மாதிரி மொபைல் சிம்மில் இருக்கும் கருவிகளுக்கு வெளியிலிருந்து நேரே போகமுடியாது. பல சந்தாதாரர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்வதால் பெட்டிதான் வெளியே வந்து உங்கள் இடைநிலை சர்வரில் ‘ஆர்’ டனல் போட வேண்டும். ‘சர்வர்அலைவ்இன்டர்வல்’ 30 விநாடி என்று வையுங்கள். பிரேக்பாயிண்டில் நின்று யோசிக்கும்போது போக்குவரத்து இருக்காது, சும்மா கிடக்கும் இணைப்பை நெட்வொர்க் தானாக வெட்டிவிடும். ஜிடிபிசர்வரை (ஜிடிபி தொலைவிலிருந்து இணைய, பெட்டியில் ஓடும் துணை நிரல்) டீமக்ஸுக்குள் (இணைப்பு அறுந்தாலும் வேலையைத் தொடரவிடும் கருவி) ஓட்டுங்கள். வண்ணார்பேட்டையில் கரண்ட் போய் உங்கள் ரவுட்டர் அணைந்தாலும் அங்கே வேலை கலையாது.

முழுச் சிவப்பு, ஆனால் நிற்கவில்லை

இணைப்பு சரி என்று உறுதியானதும் ரிக்வெஸ்ட் அந்த பிராசஸுக்குத்தான் போகிறதா என்று பாருங்கள். ரிக்வெஸ்டுகளைப் பங்கிடும் லோடு பேலன்சருக்குப் பின்னால் இரண்டு சர்வர் இருந்தால் நீங்கள் ஒன்றில் நிற்பீர்கள், ரிக்வெஸ்ட் மற்றதற்குப் போகும். சிலமுறை நிற்கிறது, சிலமுறை நிற்கவில்லை என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் விழ வேண்டும். சர்வருக்குள் நுழைந்து, ‘கர்ல்’ கொண்டு லோக்கல்ஹோஸ்ட்டுக்கே நேராக அழைப்பு அனுப்பிப் பாருங்கள்.

ஒரே சர்வரிலும் பிராசஸ் பலவாகப் பிரியும். பைத்தான் வெப் கட்டமைப்பான ஜாங்கோவின் ‘ரன்சர்வர்’ கோப்பு மாற்றத்தைக் கவனிக்க ஒரு பிராசஸும் வேலை செய்ய இன்னொரு பிராசஸும் வைத்துக்கொள்ளும். ‘நோரீலோடு’ கொடுத்து ஓட்டினால் ஒன்றுதான். பைத்தான் வெப் சர்வரான கூனிகார்னில் வொர்க்கர் (ரிக்வெஸ்டைக் கையாளும் பிராசஸ்) எண்ணிக்கையை 1 ஆக்குங்கள். நோடின் கிளஸ்டரில் ஒவ்வொரு வொர்க்கருக்கும் போர்ட் ஒன்று கூடும், 9229, 9230 என்று. முதல் போர்ட்டில் இருப்பது வேலையைப் பங்கிடும் தாய் பிராசஸ். சி நிரல் ‘ஃபோர்க்’ செய்தால், அதாவது தன்னையே நகலெடுத்துப் பிள்ளை பிராசஸை உருவாக்கினால், ஜிடிபி இயல்பாகத் தாயைத்தான் பின்தொடரும். ‘செட் ஃபாலோ-ஃபோர்க்-மோட் சைல்ட்’ என்றால் பிள்ளையைப் பின்தொடரும். இரண்டும் வேண்டுமென்றால் ‘செட் டிடாச்-ஆன்-ஃபோர்க் ஆஃப்’.

தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் ஓடும் வரியில் பிரேக்பாயிண்ட் வைத்திருந்தால், நீங்கள் இணைவதற்குள் அது ஓடி முடிந்திருக்கும். ஜாவாவில் ‘சஸ்பெண்ட்=ஒய்’, நோடில் ‘இன்ஸ்பெக்ட்-பிஆர்கே’, பைத்தானின் டீபக்பையில் ‘வெயிட்-ஃபார்-கிளையண்ட்’ கொடுத்துத் தொடங்குங்கள். லைப்ரரிக்குள் வைத்த பிரேக்பாயிண்ட் பைத்தானில் நிற்காததற்கு உங்கள் சொந்த நிரலில் மட்டும் நிற்கச் செய்யும் ‘ஜஸ்ட்மைகோடு’ அமைப்பு காரணமாக இருக்கும். அது இயல்பில் ஆன், ‘ஃபால்ஸ்’ ஆக்குங்கள். விஷுவல் ஸ்டுடியோவிலும் இதே பெயரில் இதே தொல்லை.

அதே பில்டுதானா

இதை வாய்ப்பேச்சில் முடிக்கக் கூடாது. ‘நேற்றுத்தான் டிப்ளாய் பண்ணினேன்’ என்பது சான்று ஆகாது. லினக்ஸில் ஓடும் பிராசஸின் எண்ணை எடுத்து, ப்ராக் அடைவில் அந்த எண்ணுக்குள் இருக்கும் ‘எக்ஸி’ என்ற இணைப்பைப் பாருங்கள். ஓடும் பைனரியின் உண்மையான பாதை அங்கே இருக்கும். பாதைக்குப் பக்கத்தில் ‘டெலீட்டட்’ என்று இருந்தால் கோப்பை மாற்றிவிட்டீர்கள், பிராசஸை மறுதொடக்கம் செய்யவில்லை. மெமரியில் ஓடுவது பழைய நிரல். சைட்டில் இருக்கும் டெக்னீஷியன் அண்ணாச்சிக்குப் போன் போட்டுப் பெட்டியை அணைத்துப் போடச் சொல்வதற்கு முன் இதைப் பார்த்துவிட்டால் அவருக்கு ஒரு நடை மிச்சம்.

அடுத்து பில்டு ஐடி, அதாவது கோப்புக்குள் பதிந்திருக்கும் அந்த பில்டின் அடையாள எண். ‘ரீட்எல்ஃப்’ கட்டளையை ‘என்’ என்ற தேர்வோடு இரண்டு பக்கமும் ஓட்டுங்கள்: பெட்டியில் ஓடும் கோப்பின்மேல் ஒருமுறை, உங்கள் லேப்டாப்பில் ஜிடிபிக்குக் கொடுத்த கோப்பின்மேல் ஒருமுறை. பெட்டியில் அந்தக் கருவி இல்லையென்றால் கோப்பை நகலெடுத்து வந்து பாருங்கள். வரும் நீண்ட எண் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றாக இல்லையென்றால் மேலே போகவே வேண்டாம். ‘அதே சோர்ஸை மறுபடி பில்டு செய்தேன், அதே மாதிரிதானே வரும்’ என்பது செல்லாது. கம்பைலர் பதிப்பு, ஒரு தேர்வு, ஒரு லைப்ரரி மாறினாலே முகவரிகள் நகர்ந்துவிடும். பிரேக்பாயிண்ட் அப்போது ஏதோ ஒரு கட்டளையின் நடுவில் போய் விழும். நிற்காமல் போனால் நல்ல காலம், பல நேரம் நிரலே நொறுங்கும்.

இதற்காகப் பெட்டியில் பெரிய டீபக் பைனரியை ஏற்ற வேண்டியதில்லை. ஒரே ஒருமுறை, டீபக் தகவலைச் சேர்க்கும் ‘ஜி’ தேர்வோடு பில்டு செய்யுங்கள். ‘ஆப்ஜ்காப்பி’யின் ‘ஒன்லி-கீப்-டீபக்’ மூலம் சிம்பல்களைத் தனிக் கோப்பாக எடுத்து வைத்துக்கொண்டு, ‘ஸ்ட்ரிப்’ செய்த மெலிந்த கோப்பைப் பெட்டிக்கு அனுப்புங்கள். இரண்டும் ஒரே பில்டில் பிறந்தவை, பில்டு ஐடியும் ஒன்றே. ஜிடிபிக்கு சிம்பல் இருக்கும் கோப்பைக் கொடுத்தால் போதும், அங்கே ஓடுவது ஸ்ட்ரிப் ஆனதாக இருக்கலாம். சிம்பல் கோப்பை ஒவ்வொரு வெளியீட்டுக்கும் பத்திரப்படுத்துங்கள். ஆறு மாதம் கழித்து ராதாபுரம் பக்கத்துப் பெட்டி ஒன்றில் சிக்கல் வரும்போது தேடினால் கிடைக்காது.

ஜாவாவில் ‘ஜாவாபி’யை ‘எல்’ தேர்வோடு ஓட்டினால் கிளாஸ் கோப்பில் வரி எண் அட்டவணை இருக்கிறதா என்று தெரியும். ஒரே கிளாஸ் இரண்டு ஜார்களில் இருந்தால் எது ஏறியது என்பதும் கேள்வி. ஜேடிகே 9 முதல் ‘எக்ஸ்லாக்:கிளாஸ்+லோடு’ தேர்வு ஒவ்வொரு கிளாஸும் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று எழுதிக் காட்டும். டாட்நெட்டில் சிம்பல்கள் இருக்கும் பிடிபி கோப்பு, நிரல் இருக்கும் டிஎல்எல்லோடு ஒரே பில்டில் பிறந்திருக்க வேண்டும். ‘மாட்யூல்ஸ்’ சாளரத்தில் சிம்பல் ஏறியதா, எங்கிருந்து ஏறியது என்று இருக்கும். ரிமோட் டீபக்கரின் போர்ட் விஷுவல் ஸ்டுடியோ பதிப்புக்குப் பதிப்பு மாறும்: 2017-க்கு 4022, 2019-க்கு 4024, 2022-க்கு 4026. ஃபயர்வாலில் பழைய எண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தேடாதீர்கள்.

பாதைப் பொருத்தம்

பில்டு ஒன்றுதான், ஆனாலும் வெற்று வளையம். இனிப் பாதை. டீபக் தகவலுக்குள் கம்பைல் செய்த இடத்தின் பாதை எழுதப்பட்டிருக்கும். பில்டு சர்வரில் அது ஓர் அடைவு, உங்கள் லேப்டாப்பில் வேறோர் அடைவு. ஜிடிபியில் அந்தச் சார்பில் நின்றபடி ‘இன்ஃபோ சோர்ஸ்’ கேட்டால் எந்தப் பாதையை எதிர்பார்க்கிறது என்று சொல்லும். ‘செட் சப்ஸ்டிட்யூட்-பாத்’ கொடுத்துப் பழைய பாதையின் முன்பகுதியைப் புதியதாக மாற்றுங்கள். முன்பகுதி முழு அடைவுப் பெயராக முடிய வேண்டும். பெயரின் பாதியில் வெட்டினால் பொருந்தாது. விஎஸ் கோடில் இதே வேலைக்கு சி++ என்றால் ‘சோர்ஸ்ஃபைல்மேப்’, பைத்தானுக்கும் பிஹெச்பிக்கும் ‘பாத்மேப்பிங்ஸ்’, நோடுக்கு ‘லோக்கல்ரூட்’, ‘ரிமோட்ரூட்’ என்ற இணை.

பாதையில் இடறும் இடங்கள் சில. டிப்ளாய்மென்ட்டில் ‘கரண்ட்’ என்று ஒரு குறியிணைப்பு வைத்து, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தேதி போட்ட அடைவை அதற்குக் காட்டும் வழக்கம் உண்டு. பிஹெச்பி பெரும்பாலும் உண்மையான அடைவின் பாதையைத்தான் சொல்லும். நீங்கள் ‘கரண்ட்’ என்று பொருத்தியிருந்தால் பொருந்தாது. தேதி அடைவைப் பொருத்தினால் அடுத்த டிப்ளாயில் மறுபடி உடையும். எக்ஸ்டீபக் லாகில் எந்தப் பாதை வருகிறது என்று பார்த்து அதற்கேற்ப எழுதுங்கள். விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு இணைபவர்களுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்துத் தொல்லை. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும், லினக்ஸ் பார்க்காது. கிட் வரி முடிவுகளை மாற்றிவிட்டால், சோர்ஸின் சரிபார்ப்பு எண்ணைக் கொண்டு பார்க்கும் டீபக்கர்கள் ‘கோப்பு வேறு’ என்று மறுத்துவிடும். டைப்ஸ்கிரிப்ட் என்றால் சோர்ஸ் மேப் கோப்பு சர்வருக்குப் போயிற்றா, ‘அவுட்ஃபைல்ஸ்’ சரியான அடைவைக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

ஜிடிபிசர்வரின் தனிக் குணங்கள்

லைப்ரரிக்குள் வைத்த பிரேக்பாயிண்ட் பெண்டிங்கிலேயே நின்றால் ‘இன்ஃபோ ஷேர்டுலைப்ரரி’ கேளுங்கள். பட்டியலில் லைப்ரரியே இல்லையென்றால் அது இன்னும் ஏறவில்லை. இருக்கிறது, பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கிறது என்றால் டீபக் தகவல் கிடைக்கவில்லை. உங்கள் பக்கம் பெட்டியின் கோப்பமைப்பு நகல் ஒன்று வேண்டும். அதை ‘செட் சிஸ்ரூட்’ மூலம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் என்ன ஆகும்? ஜிடிபி 7.10 முதல் இயல்பாகவே எதிர்முனைக் கருவியிடமிருந்து லைப்ரரிகளை இழுத்துப் படிக்கும். அலுவலக நெட்வொர்க்கில் அது வசதி. மொபைல் இணைப்பில் ஒவ்வொரு லைப்ரரியும் இறங்கி முடிப்பதற்குள் ஜிடிபி தொங்கிவிட்டதாக நினைத்து மூடிவிடுவீர்கள்.

இணைந்ததுமே ‘ஜி பாக்கெட் ரிப்ளை மிக நீளம்’ என்று வந்தால் கட்டமைப்பு பொருந்தவில்லை. ஏஆர்எம் பெட்டிக்கு எக்ஸ்86 ஜிடிபியைக் கொண்டு போயிருப்பீர்கள், அல்லது பைனரியை ஏற்றாமலே இணைந்திருப்பீர்கள். ‘ஜிடிபி-மல்டிஆர்ச்’ எடுத்து, முதலில் கோப்பை ஏற்றி, பிறகு இணையுங்கள். ‘பிரேக்பாயிண்ட் வைக்க முடியவில்லை, இந்த முகவரியில் மெமரியை அணுக முடியவில்லை’ என்றால், இடம் மாறி ஏறக்கூடிய பைனரியில் ஏறுவதற்கு முந்தைய முகவரியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பழைய பிரேக்பாயிண்டுகளை அழித்துவிட்டு, முகவரியால் அல்லாமல் சார்பின் பெயரால் மறுபடி வையுங்கள்.

ஓடும் பிராசஸில் ஒட்ட முயன்று ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ வந்தால் எந்த பிராசஸில் யார் ஒட்டலாம் என்று கட்டுப்படுத்தும் லினக்ஸின் ‘பிட்ரேஸ்_ஸ்கோப்’ மதிப்பைப் பாருங்கள். 1 என்றால் தன் வாரிசு பிராசஸில் மட்டுமே ஒட்ட முடியும். ரூட்டாக ஓட்டுங்கள், அல்லது வேலை முடியும்வரை 0 ஆக்கி பிறகு மறக்காமல் 1 ஆக்குங்கள். டாக்கருக்குள் ‘சிஸ்_பிட்ரேஸ்’ அனுமதியைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

வரி தள்ளி நிற்பது

ஓ2 ஆப்டிமைசேஷனில் கம்பைலர் சின்னச் சார்புகளைக் கூப்பிடும் இடத்திலேயே கரைத்துவிடும், வரிகளை முன்பின் மாற்றும். மாறியைக் கேட்டால் ‘ஆப்டிமைஸ்டு அவுட்’ என்று வரும். சோதனைப் பெட்டியில் டீபக்குக்கு ஏற்ற ஓஜி தேர்வு போதும்; ஆப்டிமைசேஷனே இல்லாத ஓ0 போட்டால் நேரச் சிக்கல் உள்ள பிழைகள் மறைந்தே போகலாம். முழு நிரலையும் மாற்ற மனமில்லையென்றால் சந்தேகத்துக்குரிய ஒரு கோப்பை மட்டும் குறைந்த ஆப்டிமைசேஷனில் பில்டு செய்யலாம். அதுவும் புது பில்டுதான், பில்டு ஐடியை மறுபடி சரிபாருங்கள்.

சில்லுக்குள் நேராக

காற்றாலை சென்சார் போர்டு மாதிரி ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லாத மைக்ரோகன்ட்ரோலரில் கணக்கே வேறு. சாதாரண மென்பொருள் பிரேக்பாயிண்ட் என்பது அந்த முகவரியில் இருக்கும் கட்டளையை எடுத்துவிட்டு நிறுத்தக் கட்டளையை எழுதுவது. எக்ஸ்86-இல் அது ஒரே ஒரு பைட். நிரல் ஃப்ளாஷில் இருந்தால் அப்படி அலட்சியமாக எழுத முடியாது. ஹார்டுவேர் பிரேக்பாயிண்ட்தான் வழி, அதற்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. கார்டெக்ஸ் எம்3, எம்4 வகைகளில் பொதுவாக 6. எம்0-வில் அதிகபட்சம் 4. முதல் தலைமுறை இஎஸ்பி32-இல் ஒரு கோருக்கு 2. எக்ஸ்86 செயலியில் 4 டீபக் ரெஜிஸ்டர்கள். ‘நெக்ஸ்ட்’ கொடுத்து அடுத்த வரிக்குப் போகும்போதும் ஜிடிபி தற்காலிகமாக ஒன்றைப் பயன்படுத்தும். ஆகவே எல்லாவற்றையும் நிரப்பாதீர்கள், ஒன்றைக் காலியாக விடுங்கள். இரண்டே உள்ள சில்லில் ஒன்றுதான் உங்களுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய வேலையில் வைத்து ‘டிசேபிள்’ செய்யாமல் விட்டவை இடத்தை அடைத்திருக்கும்.

பூட்லோடர் நிரலை ஃப்ளாஷிலிருந்து ரேமுக்கு நகலெடுக்கும் வடிவமைப்பில், நகலெடுப்பதற்கு முன் ரேம் முகவரியில் மென்பொருள் பிரேக்பாயிண்ட் வைத்தால் நகல் அதன்மேல் எழுதிவிடும். புள்ளி இருக்கும், நிற்காது. நகலெடுக்கும் சார்பு முடியும் இடத்தில் ‘ஹெச்பிரேக்’ கட்டளையால் ஹார்டுவேர் பிரேக்பாயிண்ட் வைத்து நிறுத்தி, பிறகு மற்றவற்றை வையுங்கள். சில்லு தூக்கநிலைக்குப் போகும்போது டீபக் கடிகாரமும் நின்று இணைப்பு அறுந்தால், எஸ்டிஎம்32 போன்றவற்றில் தூக்கத்திலும் டீபக்கை விழித்திருக்கச் செய்யும் பதிவகம் இருக்கிறது. சோதனை பில்டில் அதை இயக்கிவிடுங்கள்.

நின்றதும் செத்துப்போகிறது

நீங்கள் பிரேக்பாயிண்டில் நின்று மாறியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வெளியுலகம் காத்திருக்காது. கூனிகார்ன் இயல்பாக 30 விநாடியில் பதில் தராத வொர்க்கரைக் கொன்றுவிடும். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸின் லைவ்னெஸ் (உயிரோடு இருக்கிறதா என்ற) சோதனை இயல்பில் 10 விநாடிக்கு ஒருமுறை கேட்கும், மூன்று முறை தொடர்ந்து தோற்றால் கன்டெய்னரை மறுதொடக்கம் செய்யும். சுமார் அரை நிமிடம்தான் உங்கள் அவகாசம். முன்னால் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் 60 விநாடியில் 504 (பதில் வரவில்லை) என்ற பிழையைக் கொடுத்துவிடும். பிராசஸ் பிழைக்கும், பிரௌசர் போய்விடும். லினக்ஸின் சேவை நிர்வாகியான சிஸ்டம்டியின் சேவையில் ‘வாட்ச்டாக்செக்’ இருந்தால் அதுவும் கொல்லும். சோதனைச் சூழலில் இவற்றை நீட்டியோ நிறுத்தியோ வையுங்கள்: கூனிகார்னில் ‘டைம்அவுட்’ 0, சிஸ்டம்டியில் ‘வாட்ச்டாக்செக்=0’. ஜாவாவில் இன்னொரு வழி உண்டு. பிரேக்பாயிண்டின் நிறுத்த முறையை ‘ஆல்’ என்பதிலிருந்து ‘த்ரெட்’ என்று மாற்றினால் அந்த ஒரு த்ரெட் மட்டும் நிற்கும், உடல்நலச் சோதனைக்குப் பதில் சொல்லும் த்ரெட் ஓடிக்கொண்டிருக்கும்.

பெட்டிக்குள் ஹார்டுவேர் வாட்ச்டாக் இருந்தால் அது பெட்டியையே ரீசெட் செய்யும். ஆலையின் கட்டுப்பாட்டில் கை வைக்கும் நிரலை ஓடும்போது நிறுத்தவே கூடாது. ஆனி, ஆடிக் காற்றில் ஆலை முழு வீச்சில் சுற்றும்போது கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தகவல் வராமல் போனால் அது தொடர்புப் பிழை என்று ஆலையை நிறுத்திவிடலாம். வருஷத்து வருமானத்தில் பெரும்பகுதி அந்த நாலைந்து மாதத்தில்தான், முதலாளி சும்மா இருக்க மாட்டார். தகவல் சேகரிக்கும் நிரல் என்றால்கூட, கூடுமானவரை நிறுத்தாமல் பாருங்கள்.

நிறுத்தாமல் மதிப்பை மட்டும் அச்சிட்டுப் பார்க்க விஎஸ் கோடில் லாக்பாயிண்ட், ஜிடிபியில் ‘டிபிரிண்ட்எஃப்’. டிபிரிண்ட்எஃப் இயல்பில் உங்கள் ஜிடிபிக்குத் தகவல் வந்து திரும்பிப் போகும் முறையில் ஓடும். ‘செட் டிபிரிண்ட்எஃப்-ஸ்டைல் ஏஜென்ட்’ கொடுத்தால் ஜிடிபிசர்வரே அங்கேயே அச்சிட்டுவிடும். நிபந்தனை பிரேக்பாயிண்டுக்கும் இது பொருந்தும். போய்வர 100 மில்லிவிநாடி ஆகும் இணைப்பில், ஆயிரம் முறை சுற்றும் லூப்பில் நிபந்தனையை உங்கள் பக்கம் சோதித்தால் குறைந்தது 100 விநாடி. ‘இன்ஃபோ பிரேக்பாயிண்ட்ஸ்’ பட்டியலில் நிபந்தனைக்குப் பக்கத்தில் ‘டார்கெட் இவால்ஸ்’ என்று இருந்தால் கணக்கு அங்கேயே நடக்கிறது. ‘ஹோஸ்ட் இவால்ஸ்’ என்றால் நிபந்தனையை நிரலுக்குள்ளேயே ஒரு ‘இஃப்’ ஆக எழுதி, அதற்குள் பிரேக்பாயிண்ட் வைப்பது வேகம். ஜாவாவில் முழு மெத்தட்மேல் வைக்கும் பிரேக்பாயிண்ட் ஆளையே முடக்கும் அளவுக்கு மெதுவாக்கும். மெத்தடின் முதல் வரியில் வையுங்கள்.

வெளியேறும்போது

ஒட்டிக்கொண்ட பிராசஸை விட்டு வரும்போது வரிசை இது: ஓட்டத்தை நிறுத்தி, ‘டெலீட்’ கொடுத்து பிரேக்பாயிண்டுகளை எடுத்து, ‘டிடாச்’. ‘கில்’ கொடுத்தால் சேவையே போகும். ஜிடிபி மூடும்போது பிராசஸ் ‘டிடாச்’ ஆகுமா ‘கில்’ ஆகுமா என்று ஒரு வரி கேட்கும். படிக்காமல் ‘ஒய்’ அடிக்காதீர்கள். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது ஜிடிபிசர்வரை ‘கில் மைனஸ் 9’ கொண்டு கொன்றால் மெமரியில் எழுதிய நிறுத்தக் கட்டளைகள் அப்படியே கிடக்கும். அடுத்து அந்த வரிக்கு ஓட்டம் வந்ததும் பிடிக்க ஆளில்லாமல் சிக்ட்ராப் வாங்கி நிரல் விழும். அப்படி ஆகிவிட்டால் சேவையை ஒருமுறை மறுதொடக்கம் செய்வதுதான் தீர்வு, நினைவகத்தில் புது நகல் ஏறிவிடும்.

பிறகு ஜேடிடபிள்யூபி, இன்ஸ்பெக்ட் தேர்வுகளைத் தொடக்கக் கட்டளையிலிருந்து நீக்குங்கள், ‘பிட்ரேஸ்_ஸ்கோப்’ பழைய மதிப்புக்குத் திரும்பியதா பாருங்கள், வாட்ச்டாக்கை மறுபடி இயக்குங்கள், ஃபயர்வாலில் திறந்த போர்ட்டை மூடுங்கள். ‘எஸ்எஸ்’ பட்டியலில் 5005, 9229, டீபக்பைக்கு வழக்கமான 5678, ஜிடிபிசர்வருக்கு வழக்கமான 2345 என்று எதுவும் காத்துக்கொண்டிருக்கக் கூடாது.